இருதய ஹார்மோன் 386, சிறுநீரகம் 47: அப்பாவுக்கு எது கோளாறு?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவருடைய கேள்வி இது: அப்பாவுக்கு 63 வயது, ஒல்லியான உடம்பு, இனிப்புநீர் வந்து 17 வருஷம். இந்தத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயில் படியேறும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எடுத்த சோதனைகளில் என்டி-புரோபிஎன்பி என்ற இருதய ஹார்மோன் 386, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 47, சிறுநீரில் அல்புமின் விகிதம் 36. எக்கோ என்ற இருதய ஸ்கேனில் இருதயம் 60 விழுக்காடு இறைக்கிறது, 'நார்மல்' என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் 'இருதயத்துக்குச் சிரமம் இருக்கிறது' என்கிறார். இன்னொருவர் 'கிட்னி சரியாக வேலை செய்யாததால் அந்த எண் ஏறியிருக்கிறது, இருதயத்தில் ஒன்றுமில்லை' என்கிறார். யார் சொல்வதை நம்புவது? மாத்திரை மாற்ற வேண்டுமா? அடுத்த வருஷம் காவடி எடுக்கலாமா?

நான் டாக்டர் இல்லை, மருந்தாளர். பினாங்கில் அரசாங்க கிளினிக்குகளில் இருபது வருஷத்துக்கு மேல் இனிப்புநீர் நோயாளிகளோடு உட்கார்ந்து மருந்து விளக்கம் சொல்லி வந்தவன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த எண்கள் என்ன பேசுகின்றன என்று சொல்ல முடியும். அதோடு இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதையும் காட்ட முடியும். இருதயமா சிறுநீரகமா என்று பிரித்துக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. அந்த ஹார்மோனே இருதயம் சிறுநீரகத்துக்கு அனுப்பும் செய்திதான்.

இருதயம் இரத்தத்தை இறைக்கும் பம்பு என்று பள்ளியில் படித்தோம். அது ஒரு சுரப்பியும்கூட. இருதயத்தின் மேலறைத் தசைக்குள் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் இருப்பதை 1950-களிலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். அவை எதற்கு என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் எலியின் மேலறைத் தசையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த எலிகளின் சிறுநீர் 10 மடங்கானது. அதில் வெளியேறிய உப்பு 30 மடங்குக்கு மேல். இருதயத்திலிருந்து எடுத்த ஏதோ ஒன்று சிறுநீரகத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. அதுதான் ஏஎன்பி. 1988-இல் ஜப்பானில் பன்றியின் மூளையிலிருந்து அதன் உறவுக்கார ஹார்மோனைப் பிரித்தெடுத்து, மூளையைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து பிஎன்பி என்று பெயர் வைத்தார்கள். அது அதிகமாக உருவாவது இருதயத்தின் கீழறையில் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

உடம்பில் உப்பும் தண்ணீரும் கூடினால் இரத்தத்தின் அளவு கூடும். இருதயச் சுவர் இழுபடும். இழுபட்ட தசை இந்த ஹார்மோனை விடும். அது சிறுநீரகத்துக்குப் போய், வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாயை விரிக்கும். கடைசிக் குழாய்களில் உப்பைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும். உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் அடக்கும். மொத்தத்தில் 'பாரம் தாங்கவில்லை, உப்பை இறக்கு' என்கிறது இருதயம்.

உங்கள் தாளில் இருக்கும் என்டி-புரோபிஎன்பி அந்தச் செய்தியின் உறை மாதிரி. இருதயம் முதலில் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீளச் சங்கிலியைச் செய்கிறது. அது இரண்டாக வெட்டுப்படும்போது 32 அமிலங்கள் உள்ள துண்டு பிஎன்பி, அதுதான் வேலை செய்வது. மீதி 76 உள்ள துண்டுதான் என்டி-புரோபிஎன்பி. அதற்கு உடம்பில் வேலை எதுவும் கிடையாது. ஆனால் பிஎன்பியைவிட அதிக நேரம் இரத்தத்தில் தங்குவதால் அளப்பது சுலபம். உறையை எண்ணினால் எத்தனை செய்தி போனது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது டாக்டர் சொன்னதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. இந்த உறைகளை இரத்தத்திலிருந்து அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரகம் மெதுவானால் உறைகள் குவியும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த எண் ஆயிரக்கணக்கில் இருப்பது சாதாரணம். ஆக 'கிட்னியால் ஏறியிருக்கிறது' என்பது பொய் இல்லை.

ஆனால் அதோடு கோப்பை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. இஜிஎஃப்ஆர் 47 என்பது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்தின் முதல் பாதி, பாதிக்குக் கொஞ்சம் குறைவான வேலை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் உறை கொஞ்சம் தேங்கும், சரி. இந்த ஹார்மோனுக்கு எல்லைக்கோடு 125. வெறும் தேக்கமே 125-ஐ 386 ஆக்கிவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அவர் படியில் உட்கார்ந்தது. மூச்சு வாங்கிய ஆளின் 386-உம் மூச்சு வாங்காத ஆளின் 386-உம் ஒன்றில்லை. இன்னொன்று, அந்த அல்புமின் 36. மலேசியாவில் நாம் மில்லிகிராம்/மில்லிமோல் கணக்கில் பார்க்கிறோம். 3-க்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. அல்புமின் கசிகிறதென்றால் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டிருக்கின்றன என்று அர்த்தம். அதே வகைக் குழாய்கள்தான் இருதயத் தசைக்குள்ளும் ஓடுகின்றன. ஒரே வீட்டின் தண்ணீர்க் குழாய் சமையலறையில் துருப்பிடித்திருந்தால் குளியலறையிலும் போய்ப் பார்ப்போம் இல்லையா?

இனிப்புநீர் உள்ளவர்களிடம் இந்தச் செய்திப் போக்குவரத்தே கெட்டுப்போகிறது. இதைத்தான் நான் மருந்துச் சன்னலில் திரும்பத் திரும்ப விளக்கியிருக்கிறேன். வடிகட்டி வழியாக இறங்கும் சர்க்கரையைச் சிறுநீரகம் வீணாக்க விரும்பாமல் திரும்ப உறிஞ்சும். சர்க்கரை போகிற அதே கதவு வழியாக உப்பும் கூடவே உள்ளே வரும். சர்க்கரை அதிகமென்றால் உப்பும் அதிகம் திரும்பி வருகிறது. உடம்பில் இன்சுலின் மிகுந்திருந்தால் அதுவும் உப்பைப் பிடித்துவைக்கும். இதற்கு நடுவே இருதயம் 'உப்பை இறக்கு' என்று கத்துகிறது. நாள்பட்ட இனிப்புநீரில் சிறுநீரகம் அந்தக் குரலுக்கு முன்போல் அசைவதில்லை. உப்பு தேங்குகிறது, இருதயச் சுவர் இன்னும் இழுபடுகிறது, ஹார்மோன் இன்னும் ஏறுகிறது. சிறுநீரகம் கெட்டதால் இருதயம் கஷ்டப்படுகிறதா, இருதயம் கஷ்டப்படுவதால் சிறுநீரகம் கெடுகிறதா என்றால், சுற்றிச் சுற்றி இரண்டும்தான். இனிப்புநீர் உள்ளவர்களில் இந்த ஹார்மோன் உயர்ந்திருப்பவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரக வேலையும் வேகமாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்த எண்ணை இருதயக் கோப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

அப்பா ஒல்லி என்று நீங்கள் எழுதியதும் ஒரு வகையில் முக்கியம். உடல் பருத்தவர்களிடம் இந்த ஹார்மோன் குறைவாகவே காட்டும்.  நல்ல பருமனான ஒருவர் '110தான், தப்பித்தேன்' என்று வந்தால் நான் அவர் காலைப் பார்ப்பேன். வயது கூடினாலும், இருதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் எண் ஏறும். ஒரே ஆளுக்கு ஒரு வாரம் விட்டுத் திரும்ப எடுத்தால்கூடக் கொஞ்சம் மாறும். 386 அடுத்த முறை 340 ஆனால் கொண்டாடவும் வேண்டாம், 430 ஆனால் கலங்கவும் வேண்டாம். பாதியானாலோ இரட்டிப்பானாலோ அதற்கு அர்த்தம் உண்டு.

காலைப் பார்ப்பேன் என்றேன். அதை நீங்களும் வீட்டில் செய்யலாம். சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது உங்கள் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்திவிட்டு எடுங்கள். விரல் பட்ட இடம் குழியாக நின்று, மெதுவாக நிரம்பினால் தண்ணீர் கோத்திருக்கிறது. ஒரு பெரியவர் என் நினைவுக்கு வருகிறார். புட்டு மாயாம் (இடியாப்பம்) விற்பவர். மாத்திரை வாங்க வந்தவர், 'கால் வலி ஒன்றுமில்லை தம்பி, இந்தச் சாக்ஸ்தான் இறுக்கம்' என்றார். சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கணுக்காலைச் சுற்றி ரப்பர் பதிந்த பள்ளம், ஒரு விரல் நுனி உள்ளே போகும் ஆழம். இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, மூன்று வாரமாக சாய்வு நாற்காலியிலேயே தூங்குவதாகச் சொன்னார். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். கொசுத் தொல்லையால்தான் கூடத்துக்கு மாறிவிட்டார் என்று அவர் மனைவி எண்ணியிருந்தார். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினோம். உங்கள் அப்பா எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எந்த ஆய்வகமும் பதில் தராது.

ஆனால் கால் வீக்கம் எல்லாமே இருதயம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அப்பா அம்லோடிபின் சாப்பிடுகிறாரா பாருங்கள், இங்கே நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அதுவே கணுக்காலை வீங்க வைக்கும். சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எக்கோ நார்மல் என்பதைப் பற்றி. 60 விழுக்காடு என்பது இருதயம் சுருங்கும் பலம். சுருங்குவது நன்றாக இருந்தும், விரிவது சரியில்லாமல் போகலாம். நாள்பட்ட இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் இருதயச் சுவரை விறைப்பாக்குகின்றன. விறைத்த அறை இரத்தத்தை லேசாக உள்வாங்காது, பின்னால் மேலறையிலும் நுரையீரலிலும் அழுத்தம் ஏறும். ஓய்வாக இருக்கும்போது தெரியாது, தண்ணீர்மலைப் படி மாதிரி ஏறினால் தெரியும். அதனால் எக்கோ அறிக்கையில் அந்த 60-ஐ மட்டும் பார்க்காமல், இடது மேலறை பெரிதாக இருக்கிறதா, கீழறைச் சுவர் தடித்திருக்கிறதா, விரியும் தன்மை பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு வாங்குவதற்கு இரத்தச் சோகையும் காரணமாகலாம். சிறுநீரகம் பழுதானால் இரத்தச் சோகை வரும் என்பதால் ஹீமோகுளோபினையும் கேளுங்கள். இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதாக மட்டும் அது காட்டலாம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு 2022-இல், இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஹார்மோனையோ, இருதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தையோ பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. என்டி-புரோபிஎன்பிக்கு 125 என்ற கோடும் அங்கே சொன்னதுதான். அந்தக் கோட்டைத் தாண்டியவர்களைக் கவனித்தால் பலன் உண்டா என்பதற்கு 2013-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. இருதய நோய் இல்லாத, ஆனால் 125-ஐத் தாண்டிய 300 இனிப்புநீர் நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு ஏசிஇ வகை அல்லது ஏஆர்பி வகை இரத்த அழுத்த மாத்திரைகளையும், இருதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரையும் தாங்கும் அளவுக்கு உயர்த்தினார்கள். இரண்டு வருஷத்தில் இருதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் அந்தப் பாதியில் 65 விழுக்காடு குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடக்கூடாது என்பதற்கு அது போதும் என்பது என் கருத்து.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். இங்கே நல்ல செய்தி இருக்கிறது. எந்த டாக்டர் சொல்வது சரியானாலும் முதலில் யோசிக்க வேண்டிய மருந்து ஒன்றேதான். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற வகை. நான் மேலே சொன்ன கதவை, சர்க்கரையும் உப்பும் சேர்ந்து திரும்பி வருகிற கதவை, அவை அடைக்கின்றன. சர்க்கரையும் உப்பும் சிறுநீரில் போகும், வடிகட்டியின் உள்ளே அழுத்தம் குறையும், இருதயத்தின் பாரமும் குறையும். 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் இருதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 விழுக்காடு குறைந்தது. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வில், சிறுநீரகம் மோசமாவதும் அதனாலோ இருதயத்தாலோ இறப்பதும் 39 விழுக்காடு குறைந்தன. இஜிஎஃப்ஆர் 25 முதல் 75 வரை உள்ள, அல்புமின் கசிகிற ஆட்களைத்தான் அதில் சேர்த்தார்கள். உங்கள் அப்பா அந்த வகைதான். 'இவருக்கு இந்த மாத்திரை பொருந்துமா?' என்று இரண்டு டாக்டர்களிடமும் கேளுங்கள். ஆரம்பித்த சில வாரத்தில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். 47 சட்டென்று 43 ஆனதைப் பார்த்து மாத்திரையைக் குப்பையில் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வடிகட்டியில் அழுத்தம் குறைந்ததன் அடையாளம்தான் அந்த இறக்கம். பிறகு சரிவு மெதுவாகும். நிறைய இறங்கினால் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

பெரிண்டோபிரில் மாதிரி ஏசிஇ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது அல்புமின் கசிவுக்கும் சேர்த்துத்தான். பழைய மாத்திரை என்று விட்டுவிடாதீர்கள். ஃபினெரினோன், செமாகுளுடைட் என்ற மருந்துகள் இரண்டும் இனிப்புநீர் சிறுநீரக நோயில் பலன் காட்டியிருக்கின்றன, விலைதான் பிரச்சினை. சாகுபிட்ரில்-வால்சார்டன் என்ற மாத்திரையைப் பற்றி யாராவது சொன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிஎன்பியை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது, அதாவது இருதயத்தின் செய்தி அதிக நேரம் உயிரோடு இருக்கும்படி செய்கிறது. பெரிண்டோபிரிலோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. நடுவே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கி ஆபத்தாகலாம். பழைய மாத்திரை வீட்டு டப்பாவில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

'மெட்ஃபார்மின் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். போவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் தேங்கும், அதனால் இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுப்பது முட்டி வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் வகை வலி மாத்திரைகள். அவை உப்பையும் பிடித்துவைக்கும், ஆகவே இருதயத்துக்கும் ஆகாது. அப்பாவின் சட்டைப் பையைப் பாருங்கள். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மூளையையே பாதிக்கும் விஷம். பழம்தானே என்று ஜூஸ் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

உப்பு. மலேசியர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள் என்று 2017-18 சிறுநீர் ஆய்வு சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5-க்குக் கீழே. நம் ஊரில் இனிப்புநீர் என்றதும் தே தாரிக்கைக் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்று கேட்கப் பழகிவிட்டோம், அது நல்லது. அதே மேசையில் நாசி கண்டார் வந்தால் 'குவா பாஞ்சிர்' என்று எல்லாக் குழம்பையும் ஊற்றச் சொல்கிறோம். சோற்றை நனைக்கும் அந்தக் குழம்பில்தான் உப்பு இருக்கிறது. ஒரு குழம்பு மட்டும், ஓரமாக. கருவாடு வாரத்துக்கு ஒரு நாள். 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், பெரிண்டோபிரில் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. இளநீரையும் அளவோடு.

நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31 விழுக்காட்டுக்கு மேல் இனிப்புநீர் இருந்தது, எல்லா இனத்தையும்விட அதிகம். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்புநீர்க்காரர்கள். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்காருகிற நம் ஆட்களின் முகம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு 47 இன்னும் கையில் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது எல்லாத் தாளையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள், இருதய டாக்டருக்குச் சிறுநீர் அறிக்கையையும் சிறுநீரக டாக்டருக்கு எக்கோவையும் காட்டுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றே கிளினிக்குக்குப் போங்கள். படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.

காவடி. இப்போதைக்கு வேண்டாம் என்பேன், முருகன் காத்திருப்பார். மூச்சு ஏன் வாங்கியது என்று தெரிந்து, மருந்து சரிப்பட்டு, இருதய டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு பேசலாம். அப்போதும் மூன்று விஷயத்தை முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டு விரதத்தில் எந்த மாத்திரையைக் குறைப்பது? எம்பாகிளிஃப்ளோசின் வகையைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால் சர்க்கரை ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம், அதனால் அதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது? அப்புறம், 17 வருஷ இனிப்புநீரில் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பாதத்தைச் சோதித்துப் பார்க்காமல் வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலோடு அவரை விடாதீர்கள். சுடுவதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.